உச்சிக்கு ஏறிவிட்டால் படம் வந்துவிடுமா?

செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்த பல குடும்பங்களில் இந்தக் காட்சி நடந்திருக்கும். ராஜகிரி மலை ஏற முழங்கால் ஒத்துழைக்காது என்று அப்பாவும் அம்மாவும் கீழேயே, கல்யாண மகால் பக்கம் மர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் மட்டும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மேலே போவார்கள். மூச்சு வாங்க, சட்டை நனைய ஏறி உச்சியைத் தொட்டதும் முதல் வேலை கேமராவை எடுப்பதுதான். கிழக்கே பார்த்து நாலு படம், வடக்கே பார்த்து நாலு படம், தாங்கள் நிற்கிற மாதிரி பத்துப் படம். அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து படம் பார்க்கும்போது அப்பா கேட்பார்:

"நாங்க உக்காந்திருந்த எடம் எங்கடா?"

பையன் படத்தைப் பெரிதாக்குவான். இன்னும் பெரிதாக்குவான். பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக உடையும். "இங்கதாம்பா.. இந்தப் பக்கம் எங்கயோ.." என்று விரலை ஓட்டுவான். அப்பாவும் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்.

ஒன்றும் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் உயரத்திலிருந்து எடுக்கப்படும் சுற்றுலாப் படங்களின் குறை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அவ்வளவு கஷ்டப்பட்டு ஏறி, கண்ணில் பட்ட அத்தனையையும் ஒரே படத்துக்குள் திணித்துக் கொண்டுவந்த பிறகு, ஒருவர் ஆசையாகக் கேட்கும் ஒரே ஒரு பொருளை அதில் காட்ட முடியவில்லை! எல்லாம் இருக்கிற படத்தில் எதுவுமே இல்லை.

உயரம் என்பது ஒரு வசதி மட்டுமே. அதுவே படம் ஆகிவிடாது. மேலே போன பிறகு எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் படம் இருக்கிறது. கீழே நின்று எடுக்கும்போது சுவரும் மரமும் மறைத்து அந்தத் தேர்வைப் பாதி செய்து கொடுத்துவிடுகின்றன. உச்சியில் மறைக்க ஒன்றும் கிடையாது. எனவே உயரத்திலிருந்து எடுப்பது சுலபம் என்று எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறாக, அதுதான் கடினமான படம்.

கண் பார்ப்பது வேறு, லென்ஸ் பார்ப்பது வேறு

மலை உச்சியில் நிற்பவருக்கு ஏன் அப்படி ஒரு பரவசம்? காற்று அடிக்கிறது. கால் வலிக்கிறது. ஏறி வந்த பாதை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. குளத்துக்குப் போகிறது, அங்கிருந்து மதில் மேல் நடக்கிறது, எதிர் மலைக்குத் தாவுகிறது, சாலையில் ஊரும் பஸ்ஸைப் பிடிக்கிறது. இப்படி இருபது முப்பது சின்னச் சின்னப் பார்வைகளைச் சேர்த்துத்தான் மனம் "ஆகா!" என்கிறது.

கேமராவுக்குக் காற்றும் தெரியாது, கால்வலியும் தெரியாது. அது ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்து மூடுகிறது. அதிலும் இன்றைய செல்பேசிகளின் பிரதான கேமரா பெரும்பாலும் அகலக் கோணம். பழைய பிலிம் கேமராக் கணக்கில் சொன்னால் 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். அகலமான லென்ஸ் நிறைய இடத்தை உள்ளே இழுக்கும், ஆனால் தூரத்தில் இருப்பதை இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடும். எதிரே ஆளை மிரட்டுகிற மாதிரி நிற்கும் குன்று, படத்தில் சின்னக் கூழாங்கல் குவியலாகத் தெரிவது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். 24 மில்லிமீட்டர் லென்ஸ், அகலவாட்டில் 4000 பிக்சல் உள்ள ஒரு படம். அரை கிலோமீட்டர் தூரத்தில் ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். படத்தில் அவருடைய உயரம் ஏறக்குறைய 9 பிக்சல்! 9 பிக்சலில் முகம் இல்லை, கை இல்லை, வேட்டியா புடவையா என்று கூடத் தெரியாது. அப்பாவைக் காணவில்லை என்றால் பையன் மேல் குற்றம் இல்லை, அந்தக் கணக்கின் மேல்தான் குற்றம். அதே இடத்திலிருந்து ஐந்து மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் அவர் 40 பிக்சலைத் தாண்டுவார். அப்போதும் முகம் தெரியாது. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் என்று தெரியும். அது போதும்.

ஆக, உச்சியில் நின்று எடுக்கும்போது செய்யவேண்டிய முதல் காரியம் அகலத்தைக் கூட்டுவது அல்ல, குறைப்பது. செல்பேசியில் தனியாக ஜூம் லென்ஸ் இருந்தால் அதற்கு உண்மையான வேலை இங்கேதான். அது இல்லாத போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் நைந்து போகும். அதைவிட, சாதாரணமாக எடுத்துவிட்டு வீட்டில் வேண்டாததை வெட்டிக்கொள்வது மேல். ஆனால் எதை வெட்டப்போகிறோம் என்ற முடிவை மேலே நிற்கும்போதே எடுத்திருக்க வேண்டும்.

செஞ்சி ஏன் நல்ல உதாரணம்

உயரத்திலிருந்து படம் எடுப்பதைப் பற்றிப் பேச ஊட்டி, கொடைக்கானல் என்று எத்தனையோ இடம் இருக்கின்றன. ஆனால் அந்த மலைகள் யாரும் பார்ப்பதற்காக உண்டாக்கியவை அல்ல. செஞ்சியோ பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதில். மூன்றில் உயரமானது ராஜகிரி, சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் ஆழமான ஒரு பிளவு, அதன் மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே வர வழி இல்லை.

நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், 1677ல் சிவாஜி என்று கை மாறிய கோட்டை இது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. அத்தனை வருஷமும் மேலே நின்ற காவலாளி ஒருவன் கீழே பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பான். அவன் இயற்கை அழகைப் பார்க்கவில்லை. எங்கே தூசி எழுகிறது, எந்த வாசல் பக்கம் ஆள் நடமாட்டம், எந்தக் கூடாரம் நேற்று இல்லாமல் இன்று இருக்கிறது என்று பார்த்தான். அதாவது பரந்த வெளியில் ஒரு பொருளைத் தேடினான். படம் எடுக்க ஏறுகிறவருக்கு அவனைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. இனி இன்னும் பல பேர் கேமராவோடு ஏறுவார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே அகலத்தில், ஒரே படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினால் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் படங்களோடு இன்னொரு லட்சம் சேரும். அவ்வளவுதான்.

ஒன்றைப் பிடித்துக்கொள்வது

ராஜகிரி உச்சியில் கிழக்கே பார்த்தால் என்னென்ன தெரிகிறது? அடிவாரத்தில் கல்யாண மகால், அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு மாதிரி முடியும் அதன் கோபுரம். பக்கத்தில் களஞ்சியங்கள், குளங்கள், அகழி. அப்பால் வெங்கட்ரமணர் கோயில். அதையும் தாண்டி மதில், வயல், செஞ்சி ஊர். வடக்கே திரும்பினால் திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை, அதற்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி. இதில் ஒவ்வொன்றும் தனிப் படம். ஆனால் பெரும்பாலான படங்கள் இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குகின்றன.

எடுப்பவர் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: "இந்தப் படத்தைப் பார்க்கிறவர் முதலில் எங்கே பார்க்கவேண்டும்?" பதில் ஒரே ஒரு பொருளாக இருக்கவேண்டும். கல்யாண மகால் என்றால் மகால். குன்றின் மேல் ஏறி இறங்கும் மதில் என்றால் மதில். "வியூ" என்று பதில் வந்தால் இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று அர்த்தம். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்காரலாம். ஏறி வந்த இளைப்பும் ஆறும்.

மதில் ஒரு அருமையான விஷயம். கண்ணுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது. படத்தின் கீழ் மூலையில் அது நுழைந்து, வளைந்து வளைந்து எதிர்க் குன்றில் போய் முடிகிற மாதிரி வைத்துவிட்டால் பார்ப்பவரின் கண் தானாக அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும். சாலைக்கும் ஆற்றுக்கும் கூட இதே குணம் உண்டு. உயரத்திலிருந்து மட்டுமே இந்தக் கோடுகள் முழுசாகத் தெரியும். கீழே நிற்பவருக்கு மதில் என்பது ஒரு சுவர். மேலே நிற்பவருக்குத்தான் அது எங்கிருந்து எங்கே போகிறது என்ற கதை தெரிகிறது. உயரம் தரும் உண்மையான லாபம் இதுதான். அதை விட்டுவிட்டு வானத்தைப் பாதிக்குப் பாதி நிரப்புவது ஏன்?

வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேகம் திரண்டு நிற்கும் நாள் என்றால் அதற்கு இடம் கொடுக்கலாம். வெளுத்துப்போன மதிய வானம் என்றால் மேலே ஒரு கீற்று போதும், அல்லது முழுசாகவே வெட்டிவிடலாம். தொடுவானம் இல்லாத படம் தப்பு என்று எந்த விதியும் இல்லை. தொடுவானம் இருந்தால் அது சாயாமல் இருக்கவேண்டும், அவ்வளவே. ஏரி ஒரு பக்கமாகக் கொட்டிவிடும் போலிருக்கும் படங்களை நிறையவே பார்க்க முடிகிறது!

நின்ற இடத்தையும் காட்டுவது

உயரப் படங்களில் அடிக்கடி காணாமல் போவது உயரம்தான். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் 800 அடியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் பல சமயம் ஏதோ மேஜை மேல் வைத்த மாதிரி வடிவத்தைப் பார்ப்பது போல இருக்கிறது. காரணம், எடுத்தவர் எங்கே நின்றார் என்பதற்கு படத்தில் எந்த அடையாளமும் இல்லை. பக்கத்தில் ஒன்று இருந்தால்தான் தூரம் தூரமாகத் தெரியும்.

சாதாரணமாக எல்லோரும் என்ன செய்கிறார்கள்? கைப்பிடிச் சுவர் படத்தில் விழுந்துவிடக் கூடாது என்று எட்டி எட்டி எடுக்கிறார்கள். அந்தச் சுவரைச் சேர்த்து எடுத்திருந்தால்தான் நல்ல படமாக இருந்திருக்கும். உடைந்த மதில் விளிம்பு, அதில் முளைத்த புல், பழைய பீரங்கியின் வாய், வளைவு வாசலின் கல் சட்டம், இல்லை கால் நீட்டி உட்கார்ந்து இளைப்பாறும் ஒரு கூட்டாளியின் முதுகு. இதில் ஏதாவது ஒன்று ஓரத்தில் இருந்தால் போதும், கீழே இருக்கும் எல்லாம் சட்டென்று கீழே இறங்கிவிடும். ஏறி வந்த களைப்பையும் அந்த முதுகு சொல்லிவிடும்.

கூட்டாளி என்றதும் ஞாபகத்துக்கு வருவது இன்னொரு பழக்கம். நண்பனைப் பாறை மேல் நிறுத்தி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து எடுப்பது. அது நண்பனின் படம், இடத்தின் படம் அல்ல. இரண்டுக்கும் தேவை உண்டு. ஆனால் இடத்தைக் காட்டவேண்டும் என்றால் அவன் கேமராவைப் பார்க்காமல் கீழே பார்க்கட்டும். அவன் எங்கே பார்க்கிறானோ அங்கேதான் படம் பார்ப்பவரும் பார்ப்பார்.

வெளிச்சம்

"விடியலிலும் அந்தியிலும் எடுங்கள்" என்று எல்லாப் புகைப்படப் புத்தகங்களும் சொல்லும். சொல்வது சரிதான். ஆனால் செஞ்சி மாதிரி இடங்களில் அது நடக்காது. தொல்லியல் துறை கதவைத் திறக்கும் நேரத்துக்குத்தான் உள்ளே போக முடியும். பிற்பகலுக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை. அதனால் கையில் இருப்பது காலை வெயிலும் நடுப்பகல் வெயிலும்தான். இருக்கிற வெளிச்சத்தில் எந்தத் திசை பார்ப்பது என்பதே இங்கே கேள்வி.

காலையில் உச்சிக்குப் போனவர் கிழக்கே பார்த்தால் சூரியன் நேர் எதிரே. கல்யாண மகாலின் இந்தப் பக்கம் நிழலில் இருக்கும், தூரத்து வயல் எல்லாம் வெள்ளைப் புகையாகத் தெரியும். அந்த நேரத்தில் வடக்கே திரும்பிவிடுவது புத்திசாலித்தனம். கிருஷ்ணகிரியின் மேல் வெயில் பக்கவாட்டிலிருந்து விழும். ஒவ்வொரு உருண்டைப் பாறைக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். அந்த மலை முழுக்கப் பாறைகளை அள்ளிக் கொட்டின மாதிரி இருப்பது அப்போதுதான் படத்தில் தெரியும். உச்சி வெயிலில் அதே மலை தட்டையாகிவிடும். உச்சிப் பொழுது தாண்டிச் சூரியன் மேற்கே சாயத் தொடங்கிய பிறகு கிழக்குப் பக்கம் வரலாம். அப்போது வெயில் முதுகுக்குப் பின்னால், மகால் வெளிச்சத்தில்.

எதிர் வெயிலே வேண்டாம் என்றும் இல்லை. குளங்களின் தண்ணீர் தகடு மாதிரி மின்னுவது எதிர் வெயிலில்தான். தண்ணீரைப் பொருளாக வைத்து, மற்றதை இருட்டில் விட்டு எடுத்தால் அதுவும் ஒரு படம்.

வெயிலைவிடப் பெரிய எதிரி தூசுப் புகைமூட்டம். காற்றில் மிதக்கும் தூசியும் ஈரமும் வெளிச்சத்தைச் சிதற அடித்து, தூரத்தில் இருப்பதை எல்லாம் வெளிறச் செய்துவிடும். கோடையில் எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் காற்று கழுவி விட்ட மாதிரி இருக்கும், வயலும் பச்சையாக இருக்கும். ஆனால் படிகள் வழுக்கும். அன்று பார்த்து நடக்கவேண்டும்.

முதல் படமே மேலிருந்துதான்

உயரத்திலிருந்து எடுப்பது புதுப் பழக்கம் ஒன்றும் அல்ல. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம், பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827ல் எடுத்தது. அது அவர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளின் படம்! அடுத்து 1838ல் டாகேர், பாரீஸில் ஒரு கட்டடத்தின் மேல் மாடியிலிருந்து கீழே தெருவைப் படம் எடுத்தார். வண்டியும் ஆளும் போய்க்கொண்டிருந்த தெரு. ஆனால் ஒரு படம் பதிய பல நிமிஷம் ஆன காலம் என்பதால் நகர்ந்த எதுவும் படத்தில் விழவில்லை. தெரு காலியாகக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு மனிதர் தெரிகிறார். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்றதால் அவர் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் பரவலாகச் சொல்கிறார்கள்.

அந்தப் படத்தில் எத்தனையோ கட்டடம், மரம், கூரை இருக்கின்றன. அவற்றை யாரும் பேசுவதில்லை. எறும்பளவு தெரியும் அந்த மனிதரைத்தான் எல்லோரும் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். மேலிருந்து எடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? மேலே இருந்து பார்த்தாலும் மனிதன் தேடுவது மனிதனைத்தான்.

அதன் பிறகு ஆசை வானத்துக்கே போய்விட்டது. 1858ல் நாடார் என்ற பிரெஞ்சுக்காரர் (நம்மூர் நாடார் அல்ல, அது அவருடைய புனைபெயர்!) பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்று இல்லை. 1860ல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரப் படம்தான் எஞ்சியிருக்கும் பழைய வான்படம். 1906ல் சான்பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் அழிந்தபோது ஜார்ஜ் லாரன்ஸ் பட்டங்களில் பெரிய கேமராவைக் கட்டிச் சுமார் 2000 அடி உயரத்துக்கு அனுப்பி, இடிந்து கிடந்த நகரத்தை ஒரே படத்தில் காட்டினார்.

எதிர்வாதங்கள்

லாரன்ஸைச் சொன்னதும் ஒரு கேள்வி எழும். "அவர் முழு நகரத்தையும் அகலமாகத்தானே எடுத்தார்? அது நல்ல படம் இல்லையா?" நல்ல படம்தான். ஆனால் அங்கே அகலமே செய்தி. எத்தனை மைலுக்கு அழிந்திருக்கிறது என்பதைக் காட்டத்தான் அவர் எடுத்தார். அகலத்துக்கு ஒரு காரணம் இருந்தால் அகலம் சரி. செஞ்சியில் கூட மூன்று குன்றும் மதிலும் எப்படி இணைகின்றன என்று காட்ட ஒரு அகலப் படம் தேவைதான். அது வரைபடம் மாதிரி. ஒன்று போதும், நாற்பது வேண்டாம்.

"டிரோன் வந்த பிறகு மலை ஏறி எடுப்பதெல்லாம் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. தொல்லியல் துறையின் சின்னங்களில் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட முடியாது என்பது ஒரு பக்கம். அனுமதியே கிடைத்தாலும் அது வேறு வகைப் படம். டிரோனுக்குக் கால் கிடையாது. அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்பதால் ஏன் அங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு பதில் இருக்காது. ஏறிப்போய் எடுத்த படத்துக்கு ஒரு சாட்சியின் மதிப்பு உண்டு. ஒரு மனிதர் அந்த இடத்தில் நின்று, தன் கண்ணால் பார்த்தது இது. அந்தக் காவலாளி நின்றதும் இதே இடம்தான்.

"வெறும் ஞாபகத்துக்கு எடுக்கும் படம், இதற்கு இவ்வளவு யோசனையா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஞாபகத்துக்கு என்பதால்தான் யோசனை தேவை. ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது காற்றும் களைப்பும் மறந்துபோயிருக்கும், படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். "இது எந்த ஊர் மலை?" என்று எடுத்தவரே கேட்கிற நிலைமை வந்தால் அது யாருடைய ஞாபகம்?

விளிம்பு

சொல்லாமல் விட முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. நல்ல கோணம் எப்போதும் இன்னும் ஓரடி முன்னால் இருப்பது போலவே தோன்றும். 2018ல் வெளியான இந்திய மருத்துவர்களின் ஆய்வு ஒன்று, 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்பி எடுக்கும்போது உலகம் முழுக்க 259 பேர் இறந்ததைச் செய்திகளிலிருந்து திரட்டியது. அதில் அதிகம் பேர் இறந்தது இந்தியாவில். உயரத்திலிருந்து விழுந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று.

செல்பியில் உள்ள சிக்கல், எடுப்பவர் ஆபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது. ஆனால் வெளியே பார்த்து எடுப்பவருக்கும் திரையில் மட்டும் கண் இருக்கும், காலில் இருக்காது. நடந்துகொண்டே திரையைப் பார்க்கக் கூடாது, நின்ற பிறகுதான் பார்க்கவேண்டும் என்ற ஒரே பழக்கம் பல உயிர்களைக் காப்பாற்றும். செஞ்சியில் குரங்குகள் வேறு உண்டு. கையில் இருப்பதைப் பிடுங்க வந்தால் அனிச்சையாகப் பின்னால் ஓரடி வைக்கத் தோன்றும். பின்னால் என்ன இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விளிம்பு வரைக்கும் போய் எட்டி எடுத்த படம் நல்ல படமாகவும் இருப்பதில்லை. விளிம்பைத் தாண்டிவிட்டால் முன்னால் ஒன்றும் இருக்காது, வெறும் பள்ளம். நாலடி பின்னால் வந்து நின்றால் மதில் விளிம்பும் படத்துக்குள் வரும், ஆளும் பத்திரமாக இருப்பார். பாதுகாப்பான இடமும் நல்ல படத்துக்கான இடமும் ஒன்றாக அமைவது எல்லா விஷயத்திலும் நடப்பதில்லை. இங்கே நடக்கிறது.

அப்பாவுக்கு ஒரு படம்

கீழே உட்கார்ந்துவிட்டவர்களின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. உயரத்திலிருந்து எடுக்கும் படத்துக்கு முதல் ரசிகர் ஏறாதவர்தான். ஏறியவருக்குப் படம் இல்லாவிட்டாலும் நினைவு இருக்கும். ஏற முடியாதவருக்கு இருப்பது படம் ஒன்றுதான். ஆகவே அவருக்காக எடுப்பது நியாயம். அவருக்கு எது தெரிந்திருக்கிறதோ, அங்கேயிருந்து படம் தொடங்கவேண்டும்.

அடுத்த முறை ராஜகிரி ஏறும் பையன் ஒன்று செய்யலாம். கிளம்பும் முன்பே "மகாலுக்கு இந்தப் பக்கம், இந்த மரத்தடியிலயே இருங்கப்பா, அம்மாவோட சிவப்புத் துண்டை மேல போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம். மேலே போய் இளைப்பாறிவிட்டு, மதில் ஓரத்தை ஒரு மூலையில் வைத்து, ஜூமைக் கூட்டி, மகாலையும் அந்த மரத்தையும் மட்டும் சட்டத்துக்குள் கொண்டுவரலாம். வானம் வேண்டாம், எதிர் மலையும் வேண்டாம். உச்சியிலிருந்து போன் போட்டு "கையைத் தூக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு படம்.

ராத்திரி வீட்டில் அப்பா அந்தப் படத்தில் அதிக நேரம் நிற்பார். சிவப்பாக ஒரு புள்ளி, பக்கத்தில் வெள்ளையாக இன்னொரு புள்ளி. "அது நாந்தான்டி, இங்க பாரு, பக்கத்துல நீ" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அப்புறம் அந்த மூலையில் தெரியும் மதில் விளிம்பைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஒசரத்துலயா நின்ன?" என்று பையனைக் கேட்பார்.